வளரிளம் பருவத்தினரைப் போதைப் பழக்கத்திலிருந்து காப்பது எப்படி? பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

போதைப் பழக்கம் என்றதும் பெற்றோர் பலரின் கண்முன் வருவது கஞ்சாப் பொட்டலமும் ஊசியும்தான். ஆனால் தமிழ்நாட்டில் ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்பு மாணவர்களின் சட்டைப் பைகளில் ஆசிரியர்கள் அடிக்கடி கண்டெடுப்பது கூல் லிப் என்னும் புகையிலைப் பொருள். தேயிலைப் பையைச் சுருக்கிச் செய்தது போலிருக்கும் அந்தச் சிறு பையை உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிக்கொண்டால் புகை எழாது. வகுப்பறையிலேயே உட்கார்ந்து பாடம் கவனிப்பது போலவும் காட்டிக்கொள்ளலாம். குட்கா, மெல்லும் புகையிலை ஆகியவற்றின் விற்பனைக்குத் தமிழக அரசு 2013ஆம் ஆண்டிலேயே தடை விதித்தது. அதன் பிறகும் 2024இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்தப் பொருள் பள்ளி மாணவர்களிடையே பரவியிருப்பது குறித்துக் கவலை தெரிவிக்கும் நிலைதான் இருந்தது. தடை ஒன்றே பிள்ளைகளைக் காப்பாற்றிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

பத்து வயதிலிருந்து பதினெட்டு வயது வரையுள்ள பிள்ளைகளின் பெற்றோருக்காகவும் ஆசிரியர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். நடந்ததைச் சொன்னால் அடி விழாது என்று பிள்ளை நம்பும் வீட்டில்தான் மற்ற எல்லாத் தடுப்பு முயற்சிகளும் பலன் தரும் என்பது என் உறுதியான கருத்து. பிள்ளை முதன்முதலில் ஒரு போதைப் பொருளை வாயில் வைத்துப் பார்த்த செய்தி ஒரு வாரத்தில் நம் காதுக்கு வருகிறதா, இரண்டு ஆண்டு கழித்து வருகிறதா என்பதைப் பொறுத்தே பிறகு நடப்பதில் பெரும்பகுதி அமைகிறது. கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த இடைவெளியைக் குறைப்பதற்கானவை.

முதல் படி: பிள்ளையின் கைக்கு எட்டும் பொருள்கள் எவை என்று தெரிந்துகொள்ளுங்கள்

புகையிலையிலிருந்து தொடங்குவோம். வாயில் ஒதுக்கும் புகையிலையின் நிக்கோட்டின், வாயின் உட்சவ்வு வழியாக நேரே இரத்தத்தில் கலக்கிறது. வளரும் மூளை அதற்கு வெகு சீக்கிரம் அடிமையாகிவிடுகிறது. ஒரே இடத்தில் தொடர்ந்து வைப்பவர்களுக்கு உதட்டின் உட்புறம் வெளுத்துத் தடித்துப் போவதுண்டு. பல் மருத்துவர்கள்தான் பெரும்பாலும் இதை முதலில் கவனிக்கிறார்கள். மின் சிகரெட்டுக்கு 2019ஆம் ஆண்டுச் சட்டம் நாடு முழுவதும் தடை விதித்திருக்கிறது. ஆனாலும் பேனாவைப் போலவும் பென்டிரைவைப் போலவும் இருக்கும் அந்தக் கருவிகள் நகரப் பள்ளிகளுக்குள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

அடுத்தது, பெற்றோர் பலர் போதைப் பொருளாகவே நினைக்காத ஒன்று. பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன், ஒயிட்னர், பெயின்ட் தின்னர், பெட்ரோல் ஆகியவற்றைத் துணியில் நனைத்தோ பாலித்தீன் பையில் ஊற்றியோ முகர்வது ஏழைப் பிள்ளைகளிடமும் பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளிடமும் அதிகம். எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வில் மது, கஞ்சா உட்பட மற்ற எல்லாப் பொருள்களிலும் பெரியவர்களின் விகிதமே கூடுதலாக இருந்தது. முகரும் பொருள்களில் மட்டும் நிலைமை தலைகீழ். பெரியவர்களில் 0.58 சதவீதமாக இருந்த இந்தப் பழக்கம், 10 முதல் 17 வயது வரையுள்ளவர்களிடம் 1.17 சதவீதமாக இருந்தது. இவற்றை முகர்பவருக்கு முதல் தடவையிலேயேகூட இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிர் போகலாம். ஆகவே ஒரு பையன் முகர்ந்துகொண்டிருப்பதைக் கண்டால் கத்தி விரட்டக் கூடாது. பயமும் ஓட்டமும் அந்த ஆபத்தைக் கூட்டும். அமைதியாக அருகில் போய், பொருளை அப்புறப்படுத்தி, காற்றோட்டமான இடத்தில் உட்கார வைக்க வேண்டும்.

கஞ்சாவைப் பற்றி இளைஞர்களிடம் உலவும் பேச்சு, அது இயற்கையான செடிதானே என்பது. பயன்படுத்துவோரில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் அதற்கு அடிமையாகிறார். பதின்ம வயதில் தொடங்கியவர்களில் அது ஆறில் ஒருவர் என்ற அளவுக்கு உயர்கிறது. சிறு வயதிலிருந்து அடிக்கடி புகைப்பவர்களுக்கு, இல்லாத குரல் கேட்பது, யாரோ பின்தொடர்வதாக நம்புவது போன்ற கடுமையான மனநோய் வரும் வாய்ப்பும் கூடுகிறது. முடிவெடுக்கவும் உந்துதலைக் கட்டுப்படுத்தவும் உதவும் மூளையின் முன்பகுதி இருபத்தைந்து வயது வாக்கில்தான் முழு வளர்ச்சி அடைகிறது என்பதால், பதினைந்து வயதில் ஏற்படும் பாதிப்பும் முப்பது வயதில் ஏற்படும் பாதிப்பும் ஒன்றல்ல.

மாத்திரைகளின் கதை இன்னும் கவலைக்குரியது. டேப்பென்டடால் போன்ற கடும் வலிக்கான மாத்திரைகளையும் நைட்ரசிபாம் போன்ற தூக்க மாத்திரைகளையும் மருத்துவர் சீட்டில்லாமல் வாங்கி விழுங்குபவர்கள் இருக்கிறார்கள். வலி மாத்திரையைப் பொடித்துக் கரைத்து நரம்பில் ஊசியாக ஏற்றுபவர்களும் இருக்கிறார்கள். கரையாத துகள்கள் இரத்தக் குழாய்களை அடைக்கலாம். ஒரே ஊசியைப் பலர் பகிர்ந்தால் எச்.ஐ.வி.யும் கல்லீரல் அழற்சிக் கிருமிகளும் பரவும். மதுவையும் இந்தப் பட்டியலில் சேர்த்தே பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்கக் கூடாது என்பது விதி.

இரண்டாம் படி: பத்து வயதிலிருந்தே பேசத் தொடங்குங்கள், பயமுறுத்தாமல்

உட்காரவைத்து ஒரு மணி நேரம் அறிவுரை சொல்வதைவிட, ஐந்து நிமிடப் பேச்சு பல முறை நடப்பது நல்லது. செய்தியில் கஞ்சா பிடிபட்டதாக வரும்போதோ, பேருந்து நிறுத்தத்தில் ஒருவர் போதையில் கிடக்கும்போதோ, அதைப் பற்றிப் பிள்ளை என்ன நினைக்கிறான் என்று கேளுங்கள். நீங்கள் சொல்ல வேண்டியதை அவன் பேசி முடித்த பிறகு சொல்லுங்கள்.

பயமுறுத்தும் பிரசாரம் தடுப்புக்கு உதவாது என்பது பல முறை சோதித்துக் கண்ட உண்மை. 1983இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் காவலர்களை வகுப்பறைக்கு அனுப்பி மாணவர்களை எச்சரிக்கும் திட்டம் ஒன்று தொடங்கி அமெரிக்கா முழுவதும் பரவியது. அந்தத் திட்டத்தின் பழைய வடிவத்தை ஆராய்ந்த ஆய்வுகள், மாணவர்களின் போதைப் பயன்பாட்டை அது குறிப்பிடும்படி குறைக்கவில்லை என்றே கண்டன. முன்பு போதைக்கு அடிமையாக இருந்தவர்களை மேடையேற்றி அவர்கள் கதையைச் சொல்ல வைப்பதும் மாணவர்களிடம் பலன் தருவதில்லை என்று ஐ.நா.வின் போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகம் வெளியிட்ட நெறிமுறைகள் கூறுகின்றன. சர்வதேசப் போதைப்பொருள் எதிர்ப்பு நாளான ஜூன் 26ஆம் தேதி ஒவ்வோர் ஆண்டும் பேரணி நடத்தி உறுதிமொழி எடுப்பதோடு கடமை முடிந்தது என்று பள்ளிகள் நினைப்பதை இந்த இடத்தில் வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது.

பேச்சு எப்படி முறிகிறது, எப்படித் தொடர்கிறது என்பதை ஒரு சிறு உரையாடலில் காணலாம். எட்டாம் வகுப்புப் பையன் சாப்பிட்டுக்கொண்டே சொல்கிறான்:

"அம்மா, எங்க கிளாஸ்ல ரெண்டு பேரு கூல் லிப் வைக்கிறாங்க."

"யாருடா அது? இனிமே நீ அவனுங்ககூடச் சேரக் கூடாது. நாளைக்கே வந்து எச்.எம். கிட்டச் சொல்றேன்."

அதோடு பேச்சு முடிந்தது. அடுத்த முறை அவன் வாயைத் திறக்க மாட்டான். அதே செய்திக்கு அம்மா வேறு விதமாகவும் பதில் சொல்லலாம்:

"அப்படியா? உங்கிட்ட யாராச்சும் நீட்டினாங்களா?"

"ஒரு தடவ. வேணாம்னு சொன்னேன். சிரிச்சாங்க."

"சிரிச்சப்ப உனக்கு எப்படி இருந்துச்சு?"

இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். பொருளை மறுத்த பையன், கேலியை எத்தனை நாள் தாங்குவான் என்பது அந்தப் பதிலில்தான் தெரியும். பள்ளிக்குத் தகவல் சொல்ல வேண்டியது அவசியம்தான். ஆனால் அதை எப்படி, யாரிடம் சொல்வது என்று மகனோடு கலந்து பேசி, அவன் பெயர் வெளிவராத வகையில் செய்ய வேண்டும்.

மூன்றாம் படி: வீட்டின் நடைமுறையை ஒழுங்குபடுத்துங்கள்

"தம்பி, கடைக்குப் போய் ஒரு சிகரெட் வாங்கிட்டு வா" என்று பிள்ளையை அனுப்பும் வழக்கம் இன்றும் பல வீடுகளில் இருக்கிறது. புகையிலைப் பொருளை 18 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பது 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம் இருக்க, அந்தக் கடைக்காரரோடு பிள்ளைக்கு முதல் அறிமுகத்தைச் செய்து வைப்பவர் அப்பாவாகவே ஆகிவிடுகிறார். அப்பா குடிப்பவராக இருந்தால் பிள்ளையிடம் பேசும் தகுதி தனக்கில்லை என்று ஒதுங்கிவிட வேண்டியதில்லை. தன்னால் விட முடியவில்லை என்பதையும், விட முயல்வதையும் மறைக்காமல் சொல்லலாம். பிள்ளை முன்னால் குடிப்பதையும், விழாக்களில் "ஒரு வாய் குடிச்சுப் பாருடா" என்று உறவினர் நீட்டுவதையும் மட்டும் எந்தச் சூழலிலும் அனுமதிக்கக் கூடாது. தாத்தா பாட்டியின் தூக்க மாத்திரை, அறுவை சிகிச்சைக்குப் பின் மிஞ்சிய வலி மாத்திரை ஆகியவற்றை எண்ணி, பூட்டி வையுங்கள்.

அடுத்து, நேரம். ஐஸ்லாந்து நாட்டில் 1998இல் 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் முந்தைய மாதத்தில் குடித்துப் போதையேறியதாகச் சொன்னார்கள். 2016இல் அது 5 சதவீதமாகக் குறைந்தது. அங்கே இரவில் பிள்ளைகள் எத்தனை மணி வரை வெளியே இருக்கலாம் என்பதற்கான விதியைப் பெற்றோர்கள் சேர்ந்து கறாராகக் கடைப்பிடித்தார்கள். விளையாட்டுக்கும் இசைக்கும் உள்ளாட்சி அமைப்புகள் பணம் கொடுத்தன. பள்ளிகளில் தொடர்ந்து கணக்கெடுத்து, முடிவுகளை உடனுக்குடன் பெற்றோர் முன் வைத்தார்கள். சிறிய, வசதியான நாட்டின் திட்டத்தை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. ஆனால் பிள்ளையின் மாலை நேரம் யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி நமக்கும் பொருந்தும். பள்ளி விட்ட நேரத்துக்கும் பெற்றோர் வேலையிலிருந்து திரும்பும் நேரத்துக்கும் நடுவே இருக்கும் இரண்டு மூன்று மணி நேரம்தான் நம் ஊரில் ஆபத்தானது. அந்த நேரத்தில் மைதானத்தில் பயிற்சியாளரோ, நூலகமோ, பாட்டி வீடோ, பக்கத்துத் தெரு அத்தையோ இருக்கும்படி ஏற்பாடு செய்யுங்கள். ஒரே தெருவில் நாலைந்து வீட்டார் சேர்ந்தால் இது இன்னும் எளிது.

ஆண்டின் எல்லா மாதங்களும் ஒரே அளவு ஆபத்தானவை அல்ல. பத்தாம் வகுப்பில் தோற்ற மாணவன் வீட்டிலேயே கிடக்கும் மே, ஜூன் மாதங்கள், பதினொன்றாம் வகுப்புக்குப் புதுப் பள்ளியில் சேரும் முதல் பருவம், கல்லூரி விடுதியில் நுழையும் முதல் சில வாரங்கள், வீட்டில் மரணமோ பிரிவோ நிகழ்ந்த காலம் ஆகியவற்றில் கூடுதலாக உடனிருங்கள். விடுமுறையில் கேட்டரிங் வேலைக்கும் லோடு ஏற்றும் வேலைக்கும் போகும் பையன்களின் கையில் திடீரெனப் பணமும், பக்கத்தில் போதைக்குப் பழகிய பெரிய அண்ணன்களும் சேர்ந்து வருவதை மறந்துவிட வேண்டாம்.

நான்காம் படி: மறுக்கும் வாக்கியத்தை வாயில் பழக்குங்கள்

"வேண்டாம் என்று சொல்" என்று மட்டும் சொன்னால் போதாது. நண்பர்கள் சூழ்ந்து நிற்கும்போது அந்தச் சொல் தொண்டையை விட்டு வராது. வீட்டிலேயே நடித்துப் பாருங்கள். அப்பா நண்பனாக நடித்து நீட்டட்டும், பிள்ளை தனக்கு இயல்பாக வரும் பதிலைத் தேடட்டும். "எங்கப்பா வாயை மோந்து பாப்பாரு மச்சான்" என்று பழியைப் பெற்றோர் மேல் போட அனுமதி கொடுங்கள். அதோடு ஓர் ஒப்பந்தமும் செய்துகொள்ளுங்கள்: எந்த நேரத்தில், எந்த இடத்திலிருந்து அழைத்தாலும் கேள்வி கேட்காமல் வந்து கூட்டிப் போவோம், விசாரணை எல்லாம் மறுநாள்தான். பெண் பிள்ளைகளுக்கும் இதே ஒப்பந்தம் வேண்டும். இந்தப் பழக்கம் ஆண் பிள்ளைகளுக்கு மட்டுமே வரும் என்ற எண்ணத்தால் பெண் பிள்ளைகளின் சிக்கல் வெகு காலம் கழித்தே தெரியவருகிறது.

ஐந்தாம் படி: அறிகுறிகளைச் சேர்த்துப் பாருங்கள்

கஞ்சா புகைத்தால் கண் சிவக்கும், பசி கூடும். வலி மாத்திரை, ஊசி போன்றவற்றில் கண்ணின் பாவை ஊசிமுனை அளவுக்குச் சுருங்கும், உட்கார்ந்தபடியே தலை சாயும். முகரும் பொருளில் சட்டையிலும் மூச்சிலும் ரசாயன வாடை வரும், வாயைச் சுற்றிப் புண் வரும். வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டையைக் கழற்ற மறுப்பது, பணம் காணாமல் போவது, பழைய நண்பர்கள் எல்லாரும் ஒரே மாதத்தில் மாறுவது, விருப்பமான விளையாட்டை விடுவது, மதிப்பெண் சரிவது ஆகியவற்றில் பல ஒன்றாகத் தோன்றினால் அக்கறை கொள்ளுங்கள். இவற்றில் பாதி மனச்சோர்வுக்கும், கேலி வதைக்கும், பாலியல் துன்புறுத்தலுக்கும்கூட அறிகுறிகள். ஆகவே போதை என்று முடிவு கட்டுவதற்கு முன் "உனக்கு ஏதோ கஷ்டம்னு தெரியுது, என்னன்னு சொல்றியா?" என்று கேட்பதே சரியான தொடக்கம்.

தெரியாமல் சிறுநீரைச் சோதித்துப் பார்க்கும் வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். கடையில் கிடைக்கும் சோதனைப் பட்டை எல்லாப் பொருளையும் காட்டாது, சில வேளை தவறாகவும் காட்டும். உடைந்த நம்பிக்கையைத் திரும்பக் கட்டுவதோ கடினம்.

ஆறாம் படி: உறுதியானால் முதலில் உங்கள் கோபத்தை ஆற்றிக்கொள்ளுங்கள்

பையில் பொட்டலம் கிடைத்த அன்று இரவே பேச வேண்டியதில்லை. பிள்ளை போதையில் இருக்கும்போது பேசுவது வீண். மறுநாள், வீட்டில் அவன் அதிகம் நம்பும் ஒருவர் மட்டும், என்ன கண்டோம் என்பதைச் சுற்றி வளைக்காமல் சொல்லட்டும். மாமா, சித்தப்பா எல்லாரையும் கூட்டிப் பஞ்சாயத்து வைத்தால் அவமானம்தான் மிஞ்சும். அந்த அவமானத்தை மறக்கவும் அவன் அதே பொருளைத்தான் தேடுவான்.

எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதை அறிய, வளரிளம் பருவத்தினருக்கென்றே உருவான ஆறு கேள்விகளை மருத்துவர்கள் கேட்கிறார்கள். போதையில் இருந்தவர் ஓட்டிய வண்டியில் ஏறியது உண்டா, மனப் பதற்றத்தைத் தணிக்கவோ கூட்டத்தோடு ஒட்டவோ பயன்படுத்தியது உண்டா, தனியாக இருக்கும்போதும் பயன்படுத்துவது உண்டா, அந்த நேரத்தில் நடந்ததை மறந்துபோனது உண்டா, குறைத்துக்கொள்ளும்படி வீட்டாரோ நண்பரோ சொன்னது உண்டா, அதனால் சிக்கலில் மாட்டியது உண்டா என்பவை அவை. இரண்டுக்கோ அதற்கு மேலோ ஆம் என்றால் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

ஏழாம் படி: சிகிச்சையை எங்கே, எப்படித் தொடங்குவது

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. அங்கே சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் இருக்கிறது. சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையும் சென்னையில் நீண்ட காலமாக இந்தத் துறையில் இயங்கி வருகிறது. முதலில் தொலைபேசியில் பேச விரும்புவோர் 14446 என்ற தேசியப் போதை மீட்பு உதவி எண்ணையும், 14416 என்ற டெலிமானஸ் மனநல எண்ணையும் அழைக்கலாம். பிள்ளையே நேரடியாக அழைக்க 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது.

தனியார் மீட்பு மையம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துவிடாதீர்கள். மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றதா என்று கேளுங்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி 18 வயதுக்குக் குறைந்தவரைப் பெரியவர்களோடு சேர்த்து வைக்கக் கூடாது. அங்கே தங்கியிருக்கும் காலம் முழுவதும் உறவினரோ உதவியாளரோ உடனிருக்க வேண்டும். "பெற்றோர் பார்க்கவே வரக் கூடாது, ஆறு மாதத்துக்கு எங்களிடம் விட்டுவிடுங்கள்" என்று சொல்லும் இடத்தின் வாசலிலிருந்தே பிள்ளையைத் திருப்பி அழைத்து வாருங்கள். பதின்ம வயதினரில் பெரும்பாலோருக்கு வீட்டிலிருந்தபடி பெறும் ஆலோசனையும் குடும்பத்துக்கான வழிகாட்டலுமே போதும்.

நாள்தோறும் அதிகம் குடிப்பவரோ தூக்க மாத்திரைக்குப் பழகியவரோ மருத்துவ மேற்பார்வை இல்லாமல் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரலாம். மூச்சு மெதுவாகி, உதடு நீலம் பாரித்து, எழுப்பினாலும் எழாமல் கிடந்தால் 108ஐ அழைத்து, பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைத்து, என்ன பொருள் எடுத்தான் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். உப்பு நீரையோ மோரையோ வாயில் ஊற்ற வேண்டாம்.

எட்டாம் படி: பள்ளியும் சட்டமும்

பிடிபட்ட மாணவனுக்கு டி.சி. கொடுத்து அனுப்பும் பள்ளி, தன் பெயரைக் காத்துக்கொண்டு பிள்ளையை விற்பவர் கையில் ஒப்படைக்கிறது. பள்ளியோடு உள்ள தொடர்பு அறுந்த பிள்ளைக்குத்தான் ஆபத்து பல மடங்கு. இடைநீக்கத்துக்குப் பதிலாக, பெற்றோரை அழைத்துப் பேசி, ஆலோசகரிடம் அனுப்பி, ஒரு குறிப்பிட்ட ஆசிரியரிடம் அவனைப் பொறுப்பாக விட வேண்டும்.

கண்டிப்பு விற்பவர் மேல் பாய வேண்டும். கல்வி நிறுவனத்திலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்பது குற்றம். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவு, குழந்தைக்கு மதுவோ போதைப் பொருளோ புகையிலையோ கொடுப்பவருக்கு ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. குழந்தையை வைத்து அவற்றை விற்பவருக்கும் கடத்துபவருக்கும் 78ஆம் பிரிவில் அதே தண்டனை. புகார் செய்யத் தமிழ்நாட்டில் 10581 என்ற கட்டணமில்லா எண் உண்டு. பிள்ளையே வழக்கில் சிக்கினால் இளைஞர் நீதிக் குழுமம்தான் விசாரிக்கும். 15100 என்ற எண்ணில் இலவசச் சட்ட உதவி கிடைக்கும். சிறிதளவு வைத்திருந்ததாகவோ உட்கொண்டதாகவோ குற்றம் சாட்டப்பட்டவர் அரசு அங்கீகரித்த இடத்தில் தானே முன்வந்து சிகிச்சை பெற்றால், வழக்கிலிருந்து விலக்குப் பெற 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு வழி செய்கிறது. வழக்குக்குப் பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்.

ஒன்பதாம் படி: மீண்டும் தொட்டுவிட்டால்

விட்டவர்கள் மீண்டும் தொடுவது இந்த நோயின் இயல்பில் அடங்கியது. "இவ்வளவு செலவு செய்தும் இப்படிப் பண்ணிட்டியே" என்ற வார்த்தையைத் தவிர்த்து, எந்த நாளில், யாரோடு, எந்த மனநிலையில் நடந்தது என்று கேட்டு அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். சிகிச்சையை மாற்றியமைக்க அந்தத் தகவல் தேவை. வலி மாத்திரையையோ ஊசியையோ சில வாரம் நிறுத்தியவரின் உடல் பழைய அளவைத் தாங்காது. மீண்டும் அதே அளவை எடுத்தால் மூச்சு நின்றுபோகும் ஆபத்து முன்பைவிட அதிகம் என்பதைப் பிள்ளையிடமும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பழைய கூட்டத்தின் எண்களைத் தொலைபேசியிலிருந்து நீக்குவதையும், பள்ளிக்குப் போகும் வழியை மாற்றுவதையும் அவனே முடிவு செய்யும்படி விடுங்கள். அடுத்த சந்திப்புக்கான தேதியை மருத்துவமனையிலிருந்து கிளம்பும்போதே வாங்கிவிடுங்கள். பிள்ளை நன்றாக இருப்பதாகத் தோன்றும் மாதங்களிலும் அந்தத் தேதிகளைத் தவறவிடாதீர்கள்.